பெருமடை ஏரியில் பையப்பர் தேடியது

பெருமடையின் பொது நூலகத்தில், மேற்கு ஜன்னலோரம் இருந்த சிறுவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஆளுயரக் கூழைக்கடா ஒன்று கக்கத்தில் கறுப்புக் குடையை இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரில் ஒருவரையும் இடிக்காமல் மேசைகளுக்கு நடுவே நடந்து, வாசற்படியில் நின்று வெயிலைப் பார்த்து, "அடடா, இங்கே ஒருவரையும் காணோமே!" என்றது. ஒன்பது பேரும் நிமிர்ந்தார்கள். எட்டுப் பேர் மறுபடி குனிந்துகொண்டார்கள். ஒன்பதாமவர், இந்தச் சந்தடியில் யாராவது விளையாட்டுப் பக்கத்தை உருவிவிடுவார்கள் என்று அதன்மேல் முழங்கையை வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் குனிந்தார். நூலகர் ஹசீனா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தாள். நூலகத்திலிருந்து புத்தகத்தை வெளியே கொண்டுபோக உறுப்பினர் அட்டை வேண்டும் என்பது விதி. புத்தகத்திலிருந்து ஒருவர் வெளியே போக அட்டை வேண்டுமா என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

கூழைக்கடா என்பது, பெயரில் கடா இருந்தாலும் ஆட்டுக்கோ எருமைக்கோ எவ்வகையிலும் உறவில்லாத, அலகுக்குக் கீழே தோல்பை தொங்கும் பெரிய நீர்ப்பறவை. இந்தக் கூழைக்கடாவை ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேருக்கும் தெரியும். இதே ஊரில் அச்சாகி நானூற்றுப் பன்னிரண்டு வாரம் வெளிவந்து முப்பத்தொரு வருடங்களுக்கு முன் நின்றுபோன 'சுண்டைக்காய்' என்ற சிறுவர் வார இதழின் படக்கதை நாயகர் பையப்பர் அவர். அவரைப் படிப்பதற்கென்றே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டவர்கள் இன்று பெருமடையில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்கள், பத்திரம் எழுதுகிறார்கள், பல் பிடுங்குகிறார்கள். ஆகவே அவர் கடைத்தெரு வழியாக நடந்துபோனபோது ஊர் ஆச்சரியப்படவில்லை. வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியதைப்போலக் கொஞ்சம் கோபித்துக்கொண்டது. "இத்தன நாளு எங்கன போயிருந்தீரு வேய்?" என்று பழக்கடைக்காரர் கேட்டார். "வாழைப்பழம் இருக்கும் இடத்தில் வழுக்கலும் இருக்கும்" என்றார் பையப்பர்.

அவர் உடம்பு பழைய செய்தித்தாளின் நிறத்தில் இருந்தது. அதைச் சுற்றிப் பென்சில் பருமனில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அவர் திரும்பும்போது கோடும் திரும்பியது. அவர் பேசியது கிணற்றடித் தமிழுமல்ல, கடைத்தெருத் தமிழுமல்ல, அந்தக் காலத்துச் சிறுவர் இதழ்த் தமிழ். அதிலும் நானூற்றுப் பன்னிரண்டு வாரங்களில் அவர் வாய்க்கு மேலே வசனப் பலூனுக்குள் எதெது அச்சாகியிருந்ததோ அதை மட்டும்தான் பேசினார், புதிதாக ஒரு சொல்கூட இல்லை. இது தெரிய ஊருக்கு இரண்டு நாள் ஆயிற்று. தெரிந்தபின் ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் பெரிய மனிதர்கள் பலரும் அப்படித்தான் என்றார்கள்.

அன்றே அவர் ஏரிக்குப் போனார். பெருமடை ஏரியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அந்த வருடம் அதிகம் இல்லை. பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. மீதிப் பாதியில் கேரிபேக், தெர்மகோல், ஷாம்பு கவர், கோழி இறகு, விசேஷ வீட்டு இலைக்கட்டு, யாரோ கோபத்தில் எறிந்த ஒரு பிரஷர் குக்கர் எல்லாம் மிதந்தன. குக்கர் மிதக்காது, ஆனால் மிதக்கும் அளவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ இருந்தது. நகராட்சிச் சுகாதார மேற்பார்வையாளர் சொரிமுத்து பதினான்கு வருடமாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போய், நீர்நிலை நம் உயிர்நிலை என்று கத்தி, தொண்டை கட்டி, கஷாயம் குடித்து, மறுபடி கத்தியிருக்கிறார். ஆட்டோ தெருவைத் தாண்டுவதற்குள் ஏரியில் ஒரு பை விழும் சத்தம் கேட்கும்.

பையப்பர் தண்ணீரில் இறங்கினார். கூழைக்கடா மீன் பிடிக்கும் விதத்தில் அலகை விரித்து, தோல்பை நிறைய அள்ளி, தண்ணீரை வடியவிட்டு, கரையேறி, எல்லாவற்றையும் கொட்டினார். பிறகு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். பாட்டில் என்றால் வெயிலுக்குத் தூக்கி அதன் வாய்வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு வரிசையில் நிறுத்தினார். கேரிபேக் என்றால் உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, உதறி, இன்னொரு பக்கம் போட்டார். தேங்காய்ச் சிரட்டையையும் இலைக்கட்டையும் அழுகியதையும் தட்டிப் பார்த்து மூன்றாவதாக ஒரு குவியலில் சேர்த்தார். மறுபடி இறங்கினார். சாயங்காலம் வரை அதையே செய்தார். மறுநாளும் செய்தார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பதினான்கு வருடம் சொல்லியும் ஒருவருக்கும் புரியாத விஷயம், கரையில் மூன்று குவியலாகக் கிடந்தபோது சொரிமுத்து அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மூன்றாம் நாள் விடிந்ததும், பிராய்லர் கடைக்காரர் வழக்கம்போல இறகும் குடலும் நிறைந்த சாக்கைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கலுங்குக்கு வந்தார். பையப்பர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "இது உன் வீடா?" என்றார்.

"இல்ல, நமக்கு வாடகை வீடுதான்" என்று சொன்ன கடைக்காரர் சைக்கிளில் இருந்த சாக்கைப் பார்த்தார். பிறகு சாக்கைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

அந்த வரி எண்பத்தெட்டாவது வாரத்தில், செருப்புக்குள் குடிபுகுந்த ஒரு நண்டைப் பார்த்துக் கேட்டது. இதை ஹசீனா அன்று மதியமே கண்டுபிடித்தாள். பழைய இதழ்களைத் தைத்துக் கட்டிய எட்டுத் தொகுதிகள் நூலகத்தில் இருந்தன. உலகத்திலேயே அந்த ஒரு செட்தான் மிச்சம். அன்று முதல் பையப்பர் ஏரியில் எது சொன்னாலும் யாராவது நூலகத்துக்கு ஓடிவந்து வாரத்தைக் கேட்பதும், ஹசீனா புரட்டிப் பார்த்துச் சொல்வதும், அதை வைத்துக் கரையில் வியாக்கியானம் நடப்பதும் வழக்கமாயிற்று. "இதையெல்லாம் யார் இங்கே போட்டது?" என்பது இருநூற்று மூன்றாம் வாரத்து மாங்கொட்டைகளைப் பற்றியது, ஆனாலும் அதைக் காதால் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்த் தாங்கள் போட்டது எது என்று யோசித்தார்கள். "நான் திரும்பி வரும்வரை யாரும் கையைக் கழுவக் கூடாது" என்பது ஒரு விருந்துக் காட்சி. சோப்பு போட்டு ஏரியில் துவைப்பதை அது தடைசெய்வதாக மேலத்தெரு தீர்மானித்தது, பெண்கள் குழாயடிக்கு மாறினார்கள். சம்பந்தமில்லாத இடத்தில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்வது மனித இனத்துக்குப் புதிதல்ல. சமயங்கள் பல இப்படித்தான் வளர்ந்தன என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது, சொல்லாமல் விடுவது ஆரோக்கியம்.

அவர் வந்த ஐந்தாவது வாரம் ஊர் தண்ணீரில் இறங்கியது. முதலில் பள்ளிக்கூடங்கள், பிறகு ஆட்டோ சங்கம், பிறகு தாலுகா ஆபீஸ் பணியாளர்கள், பிறகு, மற்றவர்கள் இறங்கிவிட்டார்களே என்பதற்காக மற்றவர்கள். அவர்களும் பையப்பர் செய்தபடியே செய்தார்கள். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள், பையைப் புரட்டினார்கள், சிரட்டையைத் தட்டினார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கிழக்கே ஒரு காணி அளவுக்குத் தண்ணீர் திறந்து, அதில் வானம் தெரிந்தபோது, நகராட்சி மன்றம் கூடிப் பையப்பரை நீர்நிலைத் தூதராக நியமித்து, எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் போட்டது. மாநிலத்தின் தூய நீர்நிலை விருதுக்கு மனுவும் அனுப்பியது.

ஹசீனாவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தொகுதிகளில், பாதிக்குப் பாதி கட்டங்களில், பையப்பர் அலகைத் திறந்து தன் பைக்குள் தானே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு பலூன் இருந்தது. அதிலும் ஒன்றும் இல்லை. சங்கரன்கோவில் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் அதை ஆராய்ந்து, இது சூனியத்தின் அழகியல், இக்கதையை வரைந்தவர் காலத்தை முந்தியவர் என்று கூறி, டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது தவறு. அது தவறு என்று தெரிந்த ஒரே ஆள், ஏரியின் தெற்கு மதகுக்கு அருகே ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்த அமலோற்பவம்.

அமலோற்பவத்துக்கு எழுபத்தொன்று. கண்ணாடி போட்ட பெண் வேறென்னவாக இருக்க முடியும் என்ற நியாயத்தின்படி ஊர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. அவள் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. 'சுண்டைக்காய்' அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். பையப்பரை வரைந்தவர் நாகர்கோவிலில் இருந்த கோலப்பன். அவர் கறுப்பு மையில் கூழைக்கடாவை மட்டும் வரைந்து திங்கட்கிழமை பஸ்ஸில் பார்சல் போடுவார். பலூன்களும் அலகுப் பையும் வெறுமையாக இருக்கும். அமலோற்பவம் பலூன்களில் வசனம் எழுதுவாள். இரண்டாவது நிறம் அச்சகத்திலேயே சேர்க்கப்படும் என்பதால், படத்தின் மேல் எண்ணெய்த்தாளைப் பரப்பி, பிழை திருத்தும் சிவப்புப் பென்சிலால், பையப்பரின் பைக்குள் ஒரு மீனையும் அவளே போடுவாள். அவளுக்கு வரையத் தெரிந்தது அது ஒன்றுதான்: ஒரு சிவப்பு வட்டம், ஒரு முக்கோண வால், கண்ணுக்காக விட்ட ஒரு வெள்ளைப் புள்ளி. பொட்டு என்று பெயர். பையில் தண்ணீர் நிரப்பி அதற்குள் பொட்டைச் சுமந்துகொண்டு பையப்பர் ஊர் ஊராகப் போவார், வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டு போவார்கள், அதுதான் கதை. பொட்டின் வசனங்களும், எங்கே வந்தாலும் பொட்டு என்ற பெயரும், சிவப்பில்தான் அச்சாகும். முதலாளி அந்தச் சிவப்பை மட்டும், தீப்பெட்டி லேபிளுக்கு வாங்கும் மட்டமான மையாக வாங்கினார். மேற்கு ஜன்னல் வெயிலில் முப்பத்தொரு வருடம் இருந்து, எட்டுத் தொகுதிகளிலும் அந்தச் சிவப்பு ஒரு துளி பாக்கியில்லாமல் வெளுத்துப்போயிற்று. மீன் போயிற்று, மீனின் பேச்சு போயிற்று, கூழைக்கடா மிஞ்சியது. அன்று படித்தவர்களின் நினைவிலும் அதே கதிதான்.

நானூற்றுப் பன்னிரண்டு பார்சல்களுக்கு நடுவே கோலப்பனும் அமலோற்பவமும் சந்தித்தது ஒரே தடவை, பெருமடை பஸ் நிலையத்தில், பஸ் நிற்கும் நேரம். "நீங்க போடுத மீன் நல்லாருக்கு" என்றார் அவர். பஸ் கிளம்பிவிட்டது. அவர் இறந்தது அவளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவள் பேசிய ஆள் என்றால், மின்சார மீட்டரைக் குறிக்க வருபவரைத்தான் சொல்ல வேண்டும்.

பையப்பர் ஊருக்கு வந்த ஒன்பதாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, நனைந்த உடம்போடு தெற்கு மதகில் ஏறி, பின்கட்டு வாசலில் நின்று, "வீட்டில் யாராவது இருக்கிறீர்களா?" என்றார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். வாங்க வாங்க என்றவர்கள், காபி கொடுத்தவர்கள், போட்டோ எடுத்தவர்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்திருந்தார். அமலோற்பவம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, முதல் வாரத்தில் தான் எழுதிய பதில் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இருக்கிறேன். ஆனால் வெளியே வரமாட்டேன். வெளியே வந்தால் நான் கருவாடு."

பையப்பர் குடையை மடக்கினார். உள்ளே வந்தார். குனிந்து, அவள் முகத்துக்கு நேரே அலகைத் திறந்து, பையை விரித்துக் காட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். அவள் அந்தப் பைக்குள் பார்த்தாள். பழைய காகித நிறம், ஈரம், வெறுமை. அவர் ஊரைச் சுத்தம் செய்யவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது. அவளால் அதற்குள் ஏற முடியாது என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அவர் போகவில்லை, சுவரோரமாக உட்கார்ந்து, "பொட்டு, இன்று வெயில் எப்படி?" என்றார்.

"பைக்குள் இருப்பவளிடம் கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?" என்றாள் அமலோற்பவம்.

அன்று அவர்கள் மூன்று வாரக் கதைகளைப் பேசினார்கள். மறுநாள் நான்கு. அவர் தினமும் மூன்று மணிக்கு வந்தார், தினமும் பேசினார்கள், அவள் சிரித்தாள், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். தினமும் கிளம்பும்போது அவர் அலகைத் திறந்து காட்டுவார். தினமும் அவள், பொட்டுக்குக் காய்ச்சல் வந்த நூற்றிருபதாம் வாரத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, "இன்றைக்கு என்னால் முடியாது, நாளைக்கு வா" என்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் ஏரிக்குப் போய் இறங்குவார். ஏனென்றால் இங்கே ஏறாத பொட்டு அங்கே எங்காவது இருக்கத்தான் வேண்டும்.

மேசை டிராயரில் சிவப்புப் பென்சில் இருந்தது. ஒரு வட்டம், ஒரு முக்கோணம், ஒரு புள்ளி. அரை நிமிட வேலை. அவளுக்கு அது முதல் நாளே தெரியும். மீன் கிடைத்துவிட்டால் அவர் தேட மாட்டார், மூன்று மணிக்கும் வர மாட்டார் என்பதும் முதல் நாளே தெரியும். அவள் டிராயரைத் திறக்கவில்லை. ஹசீனா ஒருநாள் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இந்த வெள்ளப் பலூன்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டபோதும், "முப்பது வருசம் ஆச்சேம்மா" என்றுதான் சொன்னாள். அது உண்மைதான், கேட்டதற்குப் பதில் இல்லை என்பதைத் தவிர.

ஊருக்கு வந்த எட்டாவது வாரத்தில் பையப்பர் கரையத் தொடங்கினார். தண்ணீரில் நாள் முழுக்கக் கிடக்கும் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? இடது சிறகின் ஓரத்தில் கறுப்புக் கோடு அழிந்து, சிறகு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். ஊர் பதறியது. ஆட்டோவுக்கு எண் எழுதும் பெயிண்டர் வந்தார், பியூட்டி பார்லர் பெண் புருவப் பென்சிலோடு வந்தாள், பள்ளிப் பிள்ளைகள் மார்க்கர் பேனாக்களோடு வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரைக் கலுங்குக் கல்லில் உட்காரவைத்துக் கோட்டை மறுபடி போட்டார்கள். அன்புக்குக் குறைவில்லை, கைத்திறனுக்குத்தான் குறை. சிறகு கோணலாகி, ஒரு கால் யானைக்காலாயிற்று. திங்கட்கிழமை நாலு முழுக்கில் அதுவும் கரைந்தது.

சொரிமுத்து கவலையோடு பின்கட்டுக்கு வந்தார். அமலோற்பவம் டீ கொடுத்தாள். பிறகு, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்ததால், சொன்னாள்.

"அவரு குப்ப பொறுக்கல சொரிமுத்து. மீனத் தேடுதாரு."

"எந்த மீனு?"

எல்லாவற்றையும் சொன்னாள். சொரிமுத்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஒனக்கும்."

"அப்ப நம்மளோட இருக்கட்டும் டீச்சர். இருபதாம் தேதி விருதுக் குழு பாக்க வருது. பதினாலு வருசம் மைக்கப் பிடிச்சுக் கத்துனேன். என் வீட்டுக்காரியே ஷாம்பு கவர ஏரியிலதான் போட்டா. இன்னைக்கு அவ எங்கிட்டக் கேக்கா, பால் கவரு எந்தக் குவியலுன்னு. தேடல நிறுத்திட்டாருன்னா நாளைக்கே சனம் சாக்கத் தூக்கிட்டு வந்துரும்."

"ஒரு உசுரு தேடியே கரையுதே."

"நீங்க மீனப் போட்டுக் குடுக்க வேண்டியதுதான? நானா கையப் பிடிச்சேன்? எட்டு வாரமா ஏன் போடல?" சொரிமுத்து கோபக்காரரல்ல; பயத்தில் பேசினார். "தெனம் மூணு மணிக்கு ஒங்களுக்கு ஆளு வருதுல்லா."

அவர் கையிலிருந்த கிளாஸில் பாதி டீ இருந்தது. அமலோற்பவம் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்தொன்பதாம் தேதி மூன்று மணிக்குப் பையப்பர் வந்தார். வாசலில் நின்றார். "வீட்டில் யாராவது இரு" என்றார். நின்றுவிட்டது. மறுபடி, "வீட்டில் யா" என்றார். மூன்றாம் தடவை அலகு அசைந்தது, சத்தம் வரவில்லை. அலகின் மேற்கோடு அழிந்திருந்தது, கண்ணின் ஓரமும். சொல்ல வந்தது நின்றுபோனதில் அவருக்கு வருத்தமோ ஆச்சரியமோ இல்லை. வழக்கம்போலக் குனிந்து, பையை விரித்துக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். பையின் ஊடாக அவளுக்கு அவர் பின்னாலிருந்த சுவர் மங்கலாகத் தெரிந்தது.

நாளைக்கு வா என்று சொல்வதற்கு அமலோற்பவம் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. டிராயரைத் திறந்தாள். பென்சில் முனை மழுங்கியிருந்தது, அரிவாள்மனையில் சீவினாள். ஈரக் காகிதத்தில் அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் பிடிக்காது. முப்பத்தொரு வருடம் கழித்து, எண்ணெய்த்தாள் இல்லாமல், நேராக அவர் பைக்குள்ளேயே வட்டத்தைப் போட்டு நிரப்பினாள், வாலைப் போட்டாள், கண்ணுக்கு இடம் விட்டாள். அடுக்களைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

மீன் ஒரு சுற்றுச் சுற்றியது.

பையப்பர் அசையாமல் இருந்தார். பிறகு, அச்சான அன்றைக்கு இருந்த அதே கனத்த குரலில், "பொட்டு, இன்று வெயில் எப்படி?" என்றார். அமலோற்பவத்துக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஆனால் அவள் சொல்வதற்குள் பைக்குள்ளிருந்து மெல்லிய கிண்டல் குரல் ஒன்று அதைச் சொல்லிவிட்டது. அடுத்த கேள்விக்கும் அவள் முந்தப் பார்த்தாள், முடியவில்லை. மூன்றாவதுக்கு முயலவில்லை. அவர்கள் தொடர்ந்து பேசினார்கள், எட்டு வாரத்தில் அவள் பேசித் தீர்க்காத வாரங்களை எல்லாம் எடுத்து, ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினார்கள். அவள் செம்பைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டில், அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று சுவரோரமாக நின்றாள்.

பையப்பர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏரியின் பக்கம் திரும்பவில்லை. கரைமேல் ஏறித் தெற்கே நடந்தார். அமலோற்பவம் மதகுவரை போய் நின்று கேட்டாள். ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். எந்த வாரம், எந்தக் கட்டம், எந்த இடத்தில் கோலப்பன் பலூனைச் சிறிதாக வரைந்துவிட்டதால் ஒரு சொல்லைக் குறைக்க வேண்டியிருந்தது என்பதுவரை தெரியும். கரை வளையும் இடத்தில், காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது, பொட்டின் குரல் கடைசியாகக் கேட்டது: "உன் சிறகை எவன் இப்படிக் கோணலாக வரைந்தான்?"

அது அவள் எழுதாத வரி. நன்றாகவும் இருந்தது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்குச் சொரிமுத்து ஓடிவந்தார். கரையில் ஆளைக் காணோம் என்று ஊரே நின்றுகொண்டிருக்கிறது, என்ன நடந்தது என்றார். அவள் மேசைமேல் கிடந்த பென்சிலைக் காட்டினாள். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் குழு. இப்ப நான் சனத்துகிட்டப் போயி என்னன்னு சொல்ல? வேல முடிஞ்சுது, போயிட்டாருன்னா? இன்னும் அரை ஏரி கெடக்கு டீச்சர். ஒரு பய நாளைக்கு எறங்க மாட்டான்."

அமலோற்பவம் பென்சிலை எடுத்து டிராயரில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வாரம் பையப்பருக்கு வசனம் எழுதியவள்; இது சொரிமுத்துவுக்கு அவள் கொடுத்த வசனம்.

"முடிஞ்சுதுன்னு ஏன் சொல்லுத? காணலன்னு சொல்லு."

"காணலன்னா?"

"காணாமப் போனா தேடத்தான் செய்வாங்க."

சொரிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் நேர்மையான மனிதர். ஆகையால் அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். நடை இறங்கியவர் திரும்பி நின்றார்.

"நீங்களும் வாரீயளா டீச்சர்?"

"நான் எதுக்கு?"

"சும்மா" என்றார் சொரிமுத்து. "வீட்ல இருந்து என்ன செய்யப் போறீய?"

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெருமடை ஏரியில், விருதுக்கு வந்த குழு எண்ணிய கணக்கில் ஆயிரத்து இருநூறு பேர் இறங்கியிருந்தார்கள். இவ்வளவு கட்டுப்பாடான துப்புரவுப் பணியைத் தாங்கள் கண்டதில்லை என்று குழு எழுதிக்கொண்டது. ஏன் எல்லோரும் நடுநடுவே நிமிர்ந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை அது விசாரிக்கவில்லை. "பையப்பரே!" என்று கிழக்கே ஒரு குரல் எழும், மேற்கே பதில் குரல் எழும், நடுவில் தண்ணீர் சும்மா கிடக்கும். அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். ஏரியிலும் கரையிலுமாக இருந்தவர்களில், தேடுவது அங்கே இல்லை என்று அறிந்தவர்கள் இரண்டு பேர்; மற்றவரான சொரிமுத்து கரையில் குழுவுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து ஆகாயத்தாமரையின் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். அது பாய் அகலத்துக்குப் பின்னிக்கிடந்தது, அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

"தனியா இழுத்தா வராதுக்கா" என்றது ஒரு குரல். யாரோ ஒரு பெண். ஏழு வருடமாக ஒரே தெருவில் இருந்திருக்கக்கூடும், பெயர் தெரியாது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றிவந்து பாயின் அடுத்த நுனியைப் பற்றினாள். "அந்தப் பக்கம் நல்லாப் பிடிச்சுக்கிடுங்க. நான் மூணு சொல்லுதேன். அவரு அடியில இருந்தாலும் இருப்பாரு."

"இருப்பாரு" என்று சொல்லி, அமலோற்பவம் பிடித்துக்கொண்டாள்.